ஆபீஸ் டீக்கு எவர்சில்வர் டம்ளர், பிளாஸ்க், கேரியர்: புழங்கிப் பார்த்த விமர்சனம்

கடைசி வரை படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவர்சில்வர் டம்ளரைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். குழாய் வைத்த பெரிய டீ பிளாஸ்க் வேண்டவே வேண்டாம். மீட்டிங் ரூமுக்கு மூடி போட்ட கண்ணாடி ஜக் நன்றாக இருக்கிறது. அடுக்கு கேரியரில் வரும் சாப்பாடு நல்ல ஏற்பாடு, ஆனால் ரசத்துக்கு உத்தரவாதம் கிடையாது. 'மக்கும்' என்று பச்சை இலை படம் போட்டு விற்கிற கப்புகள் பணத்துக்குப் பிடித்த கேடு. இதில் எதை வாங்குவதாக இருந்தாலும், உங்கள் ஆபீசில் பாத்திரம் கழுவ ஒரு தொட்டி இருக்கிறதா, அங்கே நின்று கழுவப் போவது யார் என்று முதலில் பேசி முடித்துவிடுங்கள். அதைப் பேசாமல் டம்ளரை மட்டும் வாங்கி வைத்த ஆபீஸ்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு மூன்று இருக்கின்றன, அத்தனையிலும் சில வாரத்தில் பேப்பர் கப் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டது, டம்ளர்கள் அட்டைப்பெட்டியோடு ஸ்டோர் ரூமில் தூசி பிடித்துக் கிடக்கின்றன.

எங்களுடையது கிண்டி பக்கத்தில் ஏறக்குறைய நாற்பது பேர் வேலை பார்க்கிற சின்ன ஆபீஸ். காலையில் ஒரு டீ, சாயங்காலம் ஒரு டீ, நடுவில் தண்ணீர் குடிக்க ஆளுக்கு ஒன்றிரண்டு கப், வந்து போகிறவர்களுக்குத் தனி. கணக்குப் போட்டால் நாளைக்கு நூற்றைம்பது கப்புக்குக் குறையாமல் குப்பைக்குப் போகும். ஒரு கப் ஒரு ரூபாய்க்கும் கீழேதான் என்பதால் அது செலவாகவே யாருக்கும் தோன்றுவதில்லை, மாசக் கடைசியில் பில்லைக் கூட்டிப் பார்க்கிற அக்கவுண்ட்ஸ் ஆளுக்கு மட்டும் தெரியும்.

பேப்பர் கப்பில் என்ன பிளாஸ்டிக் என்று கேட்பவர்கள் இன்னமும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு கப்பை எடுத்து, கிழித்து, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு வையுங்கள். காலையில் காகிதம் கூழாகி வழிந்துவிடும், உள்பக்கம் ஒட்டியிருந்த மெல்லிய தாள் மட்டும் நகத்தால் நெருடினால் அப்படியே உரிந்து கையோடு வரும். அது பாலித்தீன். அது இல்லாவிட்டால் டீ ஊற்றின மாத்திரத்தில் கப் நமத்துப் போய்விடும். கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020-ல் இந்தக் கப்புகளில் சுடுதண்ணீரை ஊற்றி 15 நிமிஷம் வைத்துப் பார்த்தார்கள். 100 மில்லி தண்ணீரில் சுமார் 25,000 பிளாஸ்டிக் நுண்துகள்கள் கலந்திருந்தன. டீயை ஆறவைத்து மெதுவாகக் குடிக்கிற பழக்கம் உள்ளவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இன்னொன்று, இது ஒன்றும் நம் இஷ்டத்துக்கு விட்ட விஷயமும் இல்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-லிருந்து தடையில் இருக்கிற 14 பொருள்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள், பிளாஸ்டிக் பூச்சு உள்ள காகிதக் கப்பும் காகிதத் தட்டும் அதில் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றன. கப் தயாரிப்பாளர்கள் சங்கம் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது, 2023 அக்டோபரில் அங்கேயும் தடை சரி என்றுதான் தீர்ப்பு வந்தது. அப்படியிருந்தும் எந்தத் தெருமுனைக் கடையில் கேட்டாலும் கப் கிடைக்கிறது. மத்திய அரசு 2022 ஜூலை 1-ல் கொண்டுவந்த தடைப்பட்டியலில் பிளாஸ்டிக் கப் இருக்கிறது, ஆனால் பூச்சு போட்ட காகிதக் கப் இல்லை, அதனால் வெளிமாநில விற்பனையாளர்களிடம் ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டு வாசலுக்கே வந்து சேரும். இந்த இடைவெளியில்தான் ஆபீஸ்காரர்கள் எல்லோரும் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, டம்ளருக்கு வருவோம்.

நாங்கள் வாங்கியது சவுகார்பேட்டையில், மின்ட் தெருப் பக்கம் ஒரு பாத்திரக் கடையில். ஆன்லைனில் 'ஆபீஸ் மக்' என்று தேடினால் வருகிற இரட்டைச் சுவர் கோப்பைகள் ஒன்றே முந்நூறு நானூறு ரூபாய் என்கிறார்கள், அதற்கு மேல் கம்பெனி லோகோ அடித்துத் தர தனி ரேட். பாத்திரக் கடையில் சாதா டீ டம்ளரும் டபராவும் எடைக்கு வாங்கினோம், ஒரு செட் அந்த விலையில் பாதிகூட ஆகவில்லை. ஆனால் கடையில் நின்று எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு, அவற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் விளிம்பு. டம்ளரின் வாய்ப்பகுதியை வெளிப்பக்கமாக உருட்டி மடித்திருப்பார்கள். மலிவான டம்ளரில் அந்த மடிப்பு முழுதாக மூடியிருக்காது, அடியில் ஒரு நூல் அளவு சந்து இருக்கும். விரல் நகத்தை வைத்துச் சுற்றிப் பாருங்கள், நகம் உள்ளே இறங்கினால் அந்த டம்ளர் வேண்டாம். கழுவின தண்ணீர் அதற்குள் போய் நின்றுகொள்ளும், ராத்திரி கவிழ்த்து வைத்தால் காலையில் சொட்டும், நாலு நாளில் பால் வாடை வர ஆரம்பிக்கும், டம்ளர் என்னவோ பளபளவென்றுதான் இருக்கும், வாயருகே கொண்டுபோனால்தான் தெரியும். ஆபீசில் எவர்சில்வர் டம்ளரைப் பற்றி வருகிற புகாரில் பாதி இந்த மடிப்பால் வருவது. மடிப்பே இல்லாமல் விளிம்பைத் தேய்த்து மழுங்கவிட்ட டம்ளர்களும் கிடைக்கின்றன, தகடு கொஞ்சம் கனமாக இருக்கும், விலையும் கொஞ்சம் கூட, ஆனால் ஆபீசுக்கு அதுதான் சரி.

அடுத்தது காந்தம். பாத்திரக் கடைக்குக் காந்தத்தோடு போகிற மாமாக்கள் உண்டு, ஒட்டவில்லை என்றால் நல்ல எவர்சில்வர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பாதிதான் உண்மை. நல்ல ரகமான 304-லும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்துச் செய்கிற மலிவான 202-லும் ஒட்டாது. இரண்டையும் காந்தத்தை வைத்துப் பிரிக்க முடியாது. டீ, தண்ணீருக்கு 202 ஒன்றும் ஆகாமல் இல்லை, உப்புத் தண்ணீரில் கழுவினால் நாளாவட்டத்தில் புள்ளி புள்ளியாகத் துரு விழும், அவ்வளவுதான். எங்கள் ஆபீஸ் போர் தண்ணீர் உப்பு என்பதால் 304 என்று பில்லில் எழுதித் தரச் சொல்லி வாங்கினோம். எழுதித் தரத் தயங்குகிற கடையிலிருந்து வெளியே வந்துவிடுவது நல்லது.

சூடு ஒரு பிரச்சினைதான். ஒற்றைத் தகடு டம்ளரில் ஆவி பறக்கிற டீயை ஊற்றிக் கையில் பிடிக்க முடியாது, அதற்குத்தான் டபரா. ஆனால் டபரா என்றால் கழுவ வேண்டிய பாத்திரம் இரட்டிப்பாகிறது. கடைசியில் எங்கள் ஆபீஸ் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தது: வயசில் மூத்தவர்கள் டபராவோடு ஆற்றிக் குடிக்கிறார்கள், சின்னப் பிள்ளைகள் டம்ளரைக் கைக்குட்டையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு சீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கீபோர்டு பக்கத்தில் டபரா இல்லாமல் இருப்பதே நல்லது என்பது சிஸ்டம் பார்க்கிற தம்பியின் கருத்து.

வாங்கினதில் உருப்படியான செலவு எது என்று கேட்டால், பேர் வெட்டினது. கடை வாசலிலேயே சின்ன மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அவரிடம் கொடுத்து ஒவ்வொரு டம்ளரிலும் ஒவ்வொருவர் பேரை வெட்டி வாங்கினோம். கல்யாணச் சீர்ப் பாத்திரம் மாதிரி இருக்கிறது என்று முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பேர் வெட்டின டம்ளர் தொலைவதில்லை, கழுவாமல் மேஜையில் கிடந்தால் யாருடையது என்று விசாரிக்க வேண்டியதும் இல்லை. புதிதாகச் சேர்ந்தவருக்கு ஐடி கார்டு வருவதற்கு முன்னால் டம்ளர் வந்துவிடும். விட்டுப் போகிறவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், போகட்டும். விருந்தாளிகளுக்கு என்று பேர் இல்லாமல் ஒரு டஜன் தனியாக இருக்கிறது.

இப்போது கழுவுகிற கதை. எங்கள் ஆபீசில் காலையும் மாலையும் வந்து துடைத்துப் பெருக்கிவிட்டுப் போகிற அக்கா ஒருவர் இருக்கிறார். டம்ளர் வாங்கலாம் என்று பேச்சு வந்ததும் மேலாளர் முதலில் சொன்னது, "அதான் அக்கா இருக்காங்களே, கழுவிடுவாங்க". எல்லா ஆபீசிலும் இதைத்தான் சொல்வார்கள். நாற்பது பேர் எச்சில் டம்ளரை நாளைக்கு இரண்டு தடவை கழுவுவது ஒரு மணி நேர வேலைக்குக் குறையாது, அந்த ஒரு மணி நேரம் அவருடைய சம்பளத்தில் இல்லை. பூமியைக் காப்பாற்றுகிறோம் என்று போட்டோ போடுவது நாம், கை வெந்து நிற்பது அவர். அக்காவே நேராகக் கேட்டுவிட்டார், "கழுவுறதுல ஒண்ணும் இல்ல சார், அதுக்குத் தனியா போட்டுக் குடுங்க". நியாயமான பேச்சு. அதற்கப்புறம் முடிவானது இதுதான்: அவரவர் டம்ளரை அவரவர் கழுவ வேண்டும், மேலாளர் உட்பட. விருந்தாளி டம்ளர், பிளாஸ்க், ஜக் இவற்றை மட்டும் அக்கா கழுவுவார், அதற்கு மாசம் ஒரு தொகை சேர்த்துக் கொடுக்க வேண்டும். பேப்பர் கப்புக்குப் போய்க்கொண்டிருந்த பணத்தில் பெரும்பகுதி இப்போது அங்கே போகிறது. மிச்சம் பிடித்தோம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, ஆனால் காசு குப்பைக்குப் போகாமல் ஒரு ஆளுக்குப் போகிறது.

இதில் இன்னொரு விஷயம், சொல்லாமல் விட மனசு வரவில்லை. பேர் வெட்டுவதற்குப் பட்டியல் போடும்போது அந்தப் பட்டியலில் ஹவுஸ்கீப்பிங் அக்காவும் செக்யூரிட்டி அண்ணனும் இருக்கிறார்களா என்று பாருங்கள். பல இடங்களில் இருக்க மாட்டார்கள், 'அவங்களுக்கு மட்டும் கொஞ்சம் பேப்பர் கப் வாங்கி வெச்சுக்கலாம்' என்பார்கள், சொல்கிறவருக்கே அதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றாது. இரட்டை டம்ளர் முறைக்கு எதிர்ப்புக் கிளம்பிய ஊர்களில், சிலருக்கு மட்டும் தூக்கிப்போடுகிற கப்பில் டீ கொடுத்துக் கடைக்காரர்கள் சமாளித்ததெல்லாம் நம் மாநிலத்தில் நடந்ததுதான். ஏசி ஆபீசில் அது வேறு உடையில் வந்து நிற்க வேண்டாம். எங்கள் பட்டியலில் இரண்டு பேரும் இருக்கிறார்கள், அக்கா தன் பேருக்குப் பதில் பேத்தி பேரை வெட்டச் சொல்லிவிட்டார்.

கழுவுகிற இடத்துக்குத் தேவையானவை சின்னச் சின்னச் சாமான்கள்தான். கை கழுவுகிற வாஷ்பேசினில் டம்ளர் கழுவ முடியாது, குழாய் உயரம் பத்தாது, ஆழமான சிங்க் ஒன்று வேண்டும். கவிழ்த்து வைக்க எவர்சில்வர் கம்பி ஸ்டாண்டு, அடியில் தண்ணீர் வடிய ஒரு தட்டு. அப்புறம் தேய்க்கிற பச்சை நார் இருக்கிறதே, அதுவும் பிளாஸ்டிக்தான், தேயத் தேயத் துகளாக உதிர்ந்து சாக்கடைக்குப் போகிறது. அதற்குப் பதில் தேங்காய் நார் பிரஷ் வாங்கி வைத்தோம். டம்ளருக்கு ஏகப் பொருத்தம், பிடி வைத்தது வாங்கினால் அடிவரை கை விடாமல் தேய்க்கலாம். ஈரத்திலேயே கிடந்தால் சீக்கிரம் கறுத்துவிடும், தொங்கவிட ஒரு ஆணி அடித்துவிடுங்கள்.

டீ எப்படி வருகிறது என்பதிலும் மாற்றம் வேண்டியிருந்தது. முன்னால் கீழே உள்ள டீக்கடையிலிருந்து பார்சல் டீ வரும், கொதிக்கக் கொதிக்க பாலித்தீன் கவரில் ஊற்றி, நூலால் முடிச்சுப் போட்டு, கூடவே ஒரு அடுக்கு கப். அந்த முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் பல்லால் கடித்துச் சட்டையில் கொட்டிக்கொள்ளாதவர்கள் ஆபீசில் இல்லை. அதை நிறுத்திவிட்டு எங்கள் பிளாஸ்க்கைக் கொடுத்தனுப்ப ஆரம்பித்தோம். கடைக்காரருக்கு இதில் சந்தோஷம், கப் செலவும் கவர் செலவும் அவருக்கு மிச்சம், பதிலுக்கு டீ கொஞ்சம் தாராளமாகவே வருகிறது.

பிளாஸ்க் விஷயத்தில்தான் எரிச்சல். பெரியதாக, அடியில் குழாய் வைத்த டிஸ்பென்சர் ஒன்று வாங்கினோம், பிராண்டு பேர் வேண்டாம், எல்லா பிராண்டிலும் அமைப்பு அதேதான். பார்க்க ஜம்மென்று இருக்கும், குழாயைத் திருகினால் டீ வரும், கல்யாண வீட்டு மிடுக்கு. ஆனால் அந்தக் குழாயின் உள்பக்கம் கைக்கும் பிரஷுக்கும் எட்டாது. பால் டீ அதில் படிந்து காய்ந்து, மறுநாள் வெந்நீர் விட்டாலும் போகாமல், ஒரு புளிச்ச வாடை நிரந்தரமாகத் தங்கிவிட்டது. குழாயைக் கழற்றலாம் என்று பெட்டியில் போட்டிருந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே ரப்பர் வாஷர், அதற்கடியில் மஞ்சளாக ஒரு படலம், இனி அதில் டீ குடிக்க யாருக்கும் மனசு வரவில்லை. கடைக்குக் கொண்டுபோனால் வாரண்டி சூட்டுக்கு மட்டும்தான், நாற்றத்துக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இப்போது அது கட்டங்காப்பி, சுக்குக் காப்பி போன்ற பால் இல்லாத சமாச்சாரங்களுக்கு மட்டும். பால் டீக்கு வாய் அகலமான இரண்டு லிட்டர் பிளாஸ்க் இரண்டு வாங்கினோம், மூடியைத் திருகி நேராகச் சாய்த்து ஊற்றுகிற வகை. வாய்க்குள் கை நுழைய வேண்டும், அது ஒன்றுதான் நான் பார்க்கச் சொல்கிற அம்சம், எத்தனை மணி நேரம் சூடு நிற்கும் என்பதெல்லாம் ஆபீசில் தேவையே இல்லை, கால் மணியில் காலியாகிவிடும்.

தண்ணீர் பாட்டிலைப் பற்றிச் சுருக்கமாக. இருபது லிட்டர் கேன் சுற்றிச் சுற்றி வருகிற பொருள், அதை விட்டுவிடுங்கள். மீட்டிங்குக்கு ஆளுக்கொன்று வைக்கிற கால் லிட்டர் பாட்டில்தான் தொல்லை, பாதிப் பேர் ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிடுவார்கள், மிச்சத் தண்ணீரோடு அது குப்பைக்குப் போகும். பாட்டில் மாநிலத் தடைப்பட்டியலில் இல்லை, நீலகிரி மாதிரி மலைப்பகுதியில்தான் தடை இருக்கிறது, அதனால் சட்டத்தைச் சொல்லி யாரையும் மிரட்ட முடியாது. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2024 தொடக்கத்தில் வந்தது, பாட்டில் தண்ணீரில் லிட்டருக்குச் சராசரியாக 2,40,000 பிளாஸ்டிக் துகள் இருப்பதாக. அந்தச் செய்தியை நான் வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட அன்றைக்கே மேலாளர் ஜக் வாங்கச் சம்மதித்துவிட்டார். மூடி போட்ட கண்ணாடி ஜக் நாலு, கண்ணாடி டம்ளர் இரண்டு டஜன். ஒன்றிரண்டு உடைந்தன, உடையத்தான் செய்யும். வருகிற கஸ்டமர்களில் சில பேர் மட்டும் ஜக்கைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு "சீல் பண்ணினது இல்லையா" என்று கேட்பார்கள். அவர்களுக்காக ஒரு பெட்டி பாட்டில் இன்னும் ஸ்டோரில் இருக்கிறது, முன்னைவிட மெதுவாகத்தான் காலியாகிறது. செம்பு பாட்டில் வாங்கலாமா என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. தண்ணீருக்குச் சரி, ஆனால் ஆபீசில் யாராவது ஒருவர் அதில் மோரோ எலுமிச்சை ஜூஸோ கட்டாயம் ஊற்றுவார், புளிப்பு செம்போடு சேரக்கூடாது, அதனால் வேண்டாம் என்று தடுத்துவிட்டோம்.

சாப்பாடுதான் இன்னும் முழுசாகச் சரியாகாதது. ஒரு மீல்ஸ் பார்சல் வாங்கிப் பிரித்துப் பாருங்கள்: சாம்பார் ஒரு கவர், ரசம் ஒரு கவர், மோர், வத்தக்குழம்பு, கூட்டு, பொரியல், ஊறுகாய், பாயசம், ஒவ்வொன்றும் தனித்தனிக் கவரில் முடிச்சுப் போட்டு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெரிய கவர். ஒரு ஆள் சாப்பிட எட்டு ஒன்பது கவர். ஆப்பில் ஆர்டர் போட்டால் கவருக்குப் பதில் கறுப்பு டப்பா. சொமாட்டோவில் 2021-லிருந்து ஸ்பூன் ஃபோர்க் வேண்டும் என்று நாமே கேட்டால்தான் வரும்படி மாற்றியிருக்கிறார்கள், அது நல்ல காரியம், ஆனால் டப்பா டப்பாதான்.

வீட்டிலிருந்து கொண்டுவராதவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, பக்கத்துத் தெருவில் வீட்டில் சமைத்துக் கொடுக்கிற ஒரு அம்மாவிடம் பேசி, அடுக்கு கேரியரில் வாங்க ஆரம்பித்தோம். கேரியர் எங்களுடையது, ஆளுக்கு இரண்டு செட். ஒன்று இங்கே இருக்கும்போது இன்னொன்று அங்கே இருக்கும். சாப்பாடு நன்றாக இருக்கிறது, விலையும் ஹோட்டலைவிடக் குறைவு. பிரச்சினை மேலே சொன்ன ரசம். சாதாரண அடுக்கு கேரியரில் ஒரு தட்டின் அடி இன்னொன்றின் வாய்மேல் உட்காருவதுதான் மூடி, டிவிஎஸ் வண்டியில் தொங்கிக்கொண்டு வரும்போது ரசம் இறங்கிப் பொரியலில் கலந்துவிடும். பட்டை கிளிப்பும் ரப்பர் வளையமும் வைத்த கேரியர் ஒழுகுவதில்லை, ஆனால் அந்த வளையம் சில மாசத்தில் தளர்ந்துவிடும், தனியாக வளையம் மட்டும் கேட்டால் கிடைப்பது குதிரைக்கொம்பு. வாங்கும்போதே உபரி வளையம் தருகிற கடையாகப் பாருங்கள். எங்களில் பாதிப் பேர் ரசத்துக்கு மட்டும் திருகு மூடி போட்ட சின்னத் தூக்கு வைத்துக்கொண்டோம், கச்சிதமாக முடிந்தது. மற்ற பாதிப் பேர் ரசம் கலந்த பொரியலுக்குப் பழகிக்கொண்டார்கள்.

மக்கும் கப் என்று சொன்னேன் இல்லையா. ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்து, சோளத்திலிருந்து செய்தது, மண்ணில் போட்டால் மண்ணாகிவிடும் என்று அரை மணி நேரம் பேசிவிட்டு சாம்பிள் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வகைப் பிளாஸ்டிக் மக்குவதற்கு அறுபது டிகிரியை ஒட்டிய வெப்பம் உள்ள பெரிய உர ஆலை வேண்டும். நம் ஆபீஸ் குப்பை போகிற பெருங்குடி, கொடுங்கையூர் கிடங்குகளில் அது மற்ற பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்காகத்தான் கிடக்கும். சாம்பிளில் ஒன்றை எங்கள் மாடித் தோட்டக்காரர் தொட்டி மண்ணில் புதைத்துவைத்தார், ரொம்ப நாள் கழித்துக் கிளறினபோது கழுவி இன்னொரு டீ குடிக்கலாம் போல இருந்தது. விலையோ சாதா கப்பைவிடப் பல மடங்கு. வேண்டாம்.

அதற்குப் பாக்குமட்டைத் தட்டு எவ்வளவோ மேல். ஆயுத பூஜை, பிறந்தநாள், ரிட்டயர்மென்ட் என்று எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிற நாளுக்கு மட்டும் வாங்குகிறோம். சாம்பார் சாதம் தாங்கும், வழவழவென்று இல்லாததால் மேஜையில் நழுவாது. ஒரே எச்சரிக்கை, மழைக்காலத்தில் மொத்தமாக வாங்கி ஸ்டோரில் அடுக்காதீர்கள், ஐப்பசி கார்த்திகை ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்துவிடும். பிரிக்கும்போது ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்து, கறுப்புப் புள்ளி இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். ஆயுத பூஜை என்றதும் ஞாபகம் வருகிறது, தெர்மக்கோல் வெட்டி 'வாழ்த்துகள்' எழுதுவதை நிறுத்த ஆபீசில் நடந்த சண்டை, பேப்பர் கப்புக்கு நடந்ததைவிடப் பெரியது. அதில் நாங்கள் தோற்றுவிட்டோம் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

பைகள் பற்றி ஒரு பாரா. கம்பெனி விழாக்களில் துணிப்பை மாதிரி இருக்கிற, லோகோ அடித்த பையைக் கொடுப்பார்கள், கையில் தொட்டால் துணி போலவே இருக்கும். ஓரத்தில் ஒரு நூலை இழுத்துப் பாருங்கள், நூல் வராது, ஏனென்றால் அது நெய்ததே இல்லை. நெருப்பில் காட்டினால் சாம்பலாகாமல் உருகிச் சொட்டும். பாலிப்ரொப்பிலீன், அந்த 14 பொருள் பட்டியலில் இதுவும் இருக்கிறது. அதே உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இதை மட்டும் மறுபடி பரிசீலிக்கச் சொன்னார்கள். அதற்காக நிஜத் துணிப்பையை வருஷா வருஷம் ஆளுக்கு மூன்று கொடுப்பதும் புத்திசாலித்தனம் இல்லை. டென்மார்க் அரசு 2018-ல் செய்த கணக்குப்படி, ஒரு பருத்திப் பை ஒரு சாதாரண பிளாஸ்டிக் பைக்கு எல்லா அளவுகோலிலும் ஈடாக வேண்டுமானால் 7,100 தடவை புழங்க வேண்டும், பருவநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தால் 52 தடவை போதும். அரசாங்கத்தின் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் 2021 டிசம்பரில் ஆரம்பித்தபோது எங்களுக்கும் ஆளுக்கொரு மஞ்சள் பை கொடுத்தார்கள். என்னுடையது இன்னும் ஓடுகிறது, கைப்பிடியை ஒரு தடவை தைத்திருக்கிறேன். பத்து ரூபாய் போட்டால் பை தருகிற மெஷின் கோயம்பேடு மார்க்கெட்டில் வைத்த மாதிரி நம் ஆபீசிலும் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். எல்லார் மேஜை டிராயரிலும் நாலு பை இருக்கும்போது அது எதற்கு?

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: டம்ளருக்கு ஐந்துக்கு ஐந்து, மடிப்பு இல்லாத விளிம்பாக இருந்தால் மட்டும். தேங்காய் நார் பிரஷுக்கும் ஐந்து. ஜக்குக்கு நாலு, கேரியருக்கு மூன்றரை, வாய் அகலமான பிளாஸ்க்குக்கு நாலு, குழாய் பிளாஸ்க்குக்கு ஒன்று, அதுவும் சுக்குக் காப்பிக்காக. மக்கும் கப்புக்கு மார்க் இல்லை.

வாங்கப் போகிறவர்கள் ஐம்பதுக்கு மேல் எடுத்தால் பேர் வெட்டுகிற கூலியைக் கடைக்காரரையே போட்டுக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள், முதலில் முகத்தைச் சுளிப்பார், அப்புறம் ஒத்துக்கொள்வார். பேர்ப் பட்டியலைக் கையால் எழுதாமல் டைப் அடித்துப் பெரிய எழுத்தில் கொண்டுபோங்கள், ல, ள, ழ மாறிப்போனால் தகட்டில் திருத்த முடியாது. எங்கள் ஆபீசில் ஒரு மல்லிகா இப்போது 'மள்ளிகா'வாகத்தான் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.